கர்னலுக்குள் இருக்கும் அரேயை ஃபைலாகக் காட்டுவது: எட்டு மதகை வைத்து ஒரு பயிற்சி

பர்கூரிலோ செட்டிக்கரையிலோ பொறியியல் படித்துக்கொண்டு, லினக்ஸ் டிரைவர் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி மொழியில் பாயின்டரும் ஸ்ட்ரக்சரும் தெரிந்தால் போதும். ஹலோ வேர்ல்டு மாட்யூல் (லினக்ஸின் மையமான கர்னலில் ஏற்றும் கோட் துண்டு) ஒன்றை ஏற்றி இறக்கிப் பார்த்தபின், அடுத்து என்ன என்று பலர் நின்றுவிடுவார்கள். நான் சொல்லும் அடுத்த படி இதுதான்: கர்னலுக்குள் ஓர் அரே இருக்கிறது, அதில் உள்ள எண்களைச் சாதாரண யூசர் ஒருவர் கேட் கமாண்ட் அடித்துப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு நம்ம கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே 52 அடி நீர்மட்டம், எட்டு மதகு. ஒவ்வொரு மதகும் எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று ஒரு சென்சார் நம் டிரைவருக்குச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அணையில் நிஜமாகவே இப்படி ஒரு லினக்ஸ் பெட்டி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, எல்லாம் பயிற்சிக்குத்தான். டிரைவருக்குள் இருப்பது எட்டு இன்ட் கொண்ட ஓர் அரே. பெயர் 'திறப்பு'. அவ்வளவே.

ஃபங்ஷன் பெயர்களையும் ஃபைல் பாதைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கோட் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். அண்டர்ஸ்கோர் இருக்கும் இடத்தில் அண்டர்ஸ்கோர்.

தொடங்கும் முன்

வர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். கர்னல் மாட்யூலில் ஒரு பாயின்டர் தவறினால் புரோகிராம் மட்டும் சாகாது, மெஷினே நின்றுவிடலாம். புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கிற லேப்டாப்பில் இதைச் சோதிப்பது தேவையில்லாத துணிச்சல். உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கான ஹெடர் பேக்கேஜும் வேண்டும். எந்தக் கர்னல் ஓடுகிறது என்று யூநேம் -ஆர் சொல்லும். செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் கையெழுத்திடாத மாட்யூலை ஏற்றவிடாது. வர்ச்சுவல் மெஷினின் செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள்.

முதலில், இருப்பதைப் பாருங்கள்

கோட் எழுதுவதற்கு முன் டெர்மினலைத் திறந்து, /ப்ராக்/சிஸ்/கெர்னல்/பிரிண்ட்கே என்ற ஃபைலை கேட் செய்யுங்கள். நான்கு எண்கள் வரும். கர்னலுக்குள் கன்சோல்_பிரிண்ட்கே என்று நான்கு இன்ட் உள்ள ஓர் அரே இருக்கிறது, அதுதான் இது. லாக் செய்தி எந்த அளவுக்கு முக்கியமாக இருந்தால் திரையில் காட்டுவது என்பதை முதல் எண் சொல்கிறது.

அடுத்து /ப்ராக்/சாஃப்ட்ஐஆர்க்யூஸ். இது இரு பரிமாண அரே. வரிசைக்கு ஒரு சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்டுக்குப் பின் கர்னல் தள்ளி வைத்துச் செய்யும் வேலை) வகை, நெடுக்கில் சிபியூவுக்கு ஒரு பத்தி. டைமர், நெட்_ஆர்எக்ஸ், ஆர்சியூ என்று மொத்தம் பத்து வகை. சில விநாடி விட்டு மறுபடி கேட் செய்தால் எண்கள் ஏறியிருக்கும்.

இப்போது இந்த ஃபைல்களை எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். அளவு 0 பைட் என்று காட்டும். ஏனென்றால் டிஸ்கில் எதுவுமே இல்லை. நீங்கள் படிக்கும் அந்த நேரத்தில் கர்னலில் ஒரு ஃபங்ஷன் ஓடி, எழுத்துகளை உருவாக்கிக் கையில் தருகிறது. நாம் எழுதப்போவது அந்த ஃபங்ஷனைத்தான்.

எங்கே வைப்பது

கர்னல் ஆட்கள் சண்டை போடும் விஷயம் இது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதி தெளிந்துவிடும்: யார் படிக்கப்போகிறார்கள்? டிரைவர் எழுதுகிற நீங்கள் மட்டும் என்றால் பிழை தேடுவதற்கான டீபக்எஃப்எஸ். மாட்யூலை ஏற்றுகிற அட்மின் ஓர் எண்பட்டியல் தரவும் பார்க்கவும் வேண்டுமென்றால் மாட்யூல் பாராமீட்டர். நிஜமான ஒரு கருவியின் அளவீடு என்றால் சிஸ்எஃப்எஸ், அதாவது /சிஸ் டைரக்டரி. ப்ராக் ஆதியில் புராசஸ்களைப் பற்றிச் சொல்வதற்காக வந்த இடம். கண்டதையும் அதில் போட்டுப் போட்டு அது குப்பைமேடானது. அதற்கு மாற்றாகத்தான் 2.6 கர்னலோடு 2003-ல் சிஸ்எஃப்எஸ் வந்தது. அதனால் இன்று புதிய டிரைவர் ஒன்று ப்ராக்கில் ஃபைல் திறந்தால் மெயின்லைனில் (அதிகாரபூர்வ கர்னல் கோடில்) சேர்க்க மாட்டார்கள். கற்றுக்கொள்ள மட்டும் ப்ராக்கைவிட நல்ல இடம் இல்லை. நாமும் அங்கேதான் அதிக நேரம் இருக்கப்போகிறோம்.

ஒரே வரியில் முடியும் வழி

மாட்யூல்_பாராம்_அரே என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. அதற்கு நான்கு தகவல் தர வேண்டும்: அரேயின் பெயர், வகை, எண்ணிக்கையை வைக்கும் வேரியபிளின் முகவரி, பெர்மிஷன். திறப்பு, இன்ட், நல் பாயின்டர், 0444 (எல்லோரும் படிக்க மட்டும்) என்று கொடுத்து, மாட்யூலுக்கு 'மதகு' என்று பெயர் வைத்து ஏற்றுங்கள். /சிஸ்/மாட்யூல்/மதகு/பாராமீட்டர்ஸ்/திறப்பு என்று ஒரு ஃபைல் தானாக முளைக்கும். கேட் செய்தால் இப்படி வரும்:

0,0,18,18,0,0,0,6

ஏற்றும்போதே இன்ஸ்மாட் (மாட்யூலை ஏற்றும் கமாண்ட்) வரியின் கடைசியில் திறப்பு=0,0,18 என்று மதிப்பு தரலாம். எட்டுக்கு மேல் ஒன்பதாவதாக ஓர் எண் கொடுத்தால் ஏற்றாமல் திருப்பி அனுப்பும். எல்லையை அதுவே பார்த்துக்கொள்கிறது.

மூன்றாவது தகவலில் கவனம் வேண்டும். எண்ணிக்கைக்கு ஒரு வேரியபிளைக் கொடுத்தால், படிக்கும்போது அந்த வேரியபிளில் உள்ள அளவுக்குத்தான் காட்டும். அதை 0-ல் தொடங்கி, ஏற்றும்போது மதிப்பும் தரவில்லையென்றால் ஃபைல் காலியாக வரும். அரேயில் எட்டு எண் பத்திரமாக இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. 0644 கொடுத்து (ரூட் எழுதவும் முடியும்), யாரோ இரண்டு எண் மட்டும் எழுதினால் எண்ணிக்கை 2 ஆகிவிடும், அப்புறம் இரண்டுதான் தெரியும். எட்டும் எப்போதும் தெரிய வேண்டுமென்றால் நல் பாயின்டரே கொடுங்கள்.

சின்ன எண்பட்டியலுக்கு இது போதும். நிறையப் பேர் இது போதும் என்ற இடத்திலும் நூறு வரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மதகு எண், திறப்பு, கடைசியாக எப்போது மாறியது என்று வரிக்கு வரி காட்ட வேண்டுமென்றால் இது உதவாது.

சீக்_ஃபைல்: நான்கு ஃபங்ஷன்

ப்ராக்கில் ஃபைல் திறந்து, படிக்கும் ஃபங்ஷனை நாமே கையால் எழுதினால் ஒரு தொல்லை உண்டு. யூசர் 100 பைட் கேட்பார், பிறகு இன்னொரு 100 கேட்பார். எந்த வரியின் நடுவில் விட்டோம், எங்கிருந்து தொடர்வது என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கணக்கை வாங்கிக்கொள்வதற்காகத்தான் கர்னல் டெவலப்பர் அல் வீரோ 2001-ல் சீக்_ஃபைலைக் கொண்டுவந்தார். அரேயில் அடுத்தது எது, ஒன்றை எப்படி அச்சிடுவது, இந்த இரண்டை மட்டும் நாம் சொன்னால் போதும். பஃபரை அது பார்த்துக்கொள்ளும்.

நான்கு ஃபங்ஷன் எழுத வேண்டும்: ஸ்டார்ட், நெக்ஸ்ட், ஸ்டாப், ஷோ.

ஸ்டார்ட்டுக்கு போஸ் என்று ஒரு பாயின்டர் வரும். எத்தனையாவது உறுப்பிலிருந்து வேண்டும் என்பது அதில் இருக்கும், எண்ணிக்கை 0-ல் தொடங்கும். போஸ் 8 அல்லது அதற்கு மேல் என்றால் நல் பாயின்டரைத் திருப்புங்கள். இல்லையென்றால் திறப்பு அரேயில் அந்த இடத்தின் முகவரியைத் திருப்புங்கள். 8 என்று கையால் எழுதாமல் அரே_சைஸ் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள், நாளைக்கு அரே வளர்ந்தாலும் தப்பாது. அந்த மேக்ரோவைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். நல், பின்னால் வரும் சீக்_ஸ்டார்ட்_டோக்கன், ஈநோமெம், மாட்யூல்_லைசென்ஸ் இவையும் அப்படித்தான்.

நெக்ஸ்ட் செய்வதும் அதேதான், ஆனால் முதலில் போஸை ஒன்று கூட்ட வேண்டும். கடைசி உறுப்பைத் தாண்டி நல் திருப்பும்போதும் கூட்டியே ஆக வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் 'இனிமேல்தான் ஒன்றும் இல்லையே' என்று அந்த இடத்தில் கூட்டாமல் விடுவார்கள். விட்டால் எட்டாம் மதகின் வரி இரண்டு முறை வரக்கூடும், கர்னல் லாகிலும் உங்கள் நெக்ஸ்ட் ஃபங்ஷனைக் குறைசொல்லி ஒரு வரி விழும்.

ஷோவுக்கு நாம் திருப்பிய முகவரி அப்படியே வந்து சேரும். சீக்_பிரிண்ட்எஃப் வைத்து ஒரு வரி அச்சிட்டு 0 திருப்ப வேண்டும். அணையில் மதகு எண் 1-லிருந்து, அரேயில் 0-லிருந்து. எனவே வந்த முகவரியிலிருந்து அரேயின் தொடக்கத்தைக் கழித்து, ஒன்று கூட்டி அச்சிடுங்கள்:

1 0
2 0
3 18
4 18
5 0
6 0
7 0
8 6

ஷோவுக்குள் அச்சிடுவதைத் தவிர வேறு வேலை வைக்காதீர்கள். பஃபர் ஒரு பேஜ் அளவில் தொடங்கும். ஒரு வரி அதில் அடங்காவிட்டால், அந்த வரிக்கு ஷோவை மறுபடி அழைப்பார்கள். 'எத்தனை முறை படித்தார்கள்' என்று ஷோவுக்குள் ஒரு கவுன்டரைக் கூட்டினால் கணக்கு தப்பும்.

தலைப்பு வரி வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: போஸ் 0 ஆக இருக்கும்போது சீக்_ஸ்டார்ட்_டோக்கன் என்ற அடையாளத்தைத் திருப்பி, ஷோவில் அதைக் கண்டால் தலைப்பை அச்சிட வேண்டும். அப்படிச் செய்தால் அரேயின் இடம் போஸ் கழித்தல் ஒன்று ஆகிவிடும். எனக்கு இதில் விருப்பமில்லை. நாளைக்கு ஆக் (பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கும் கமாண்ட்) ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் முதல் வரியைத் தள்ள ஒரு வேலை தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

நான்கையும் சீக்_ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்சரில் கட்டி, மாட்யூலின் இனிட் ஃபங்ஷனில் ப்ராக்_கிரியேட்_சீக் அழையுங்கள். ஃபைல் பெயர், 0444, தாய் டைரக்டரிக்கு நல், ஸ்ட்ரக்சரின் முகவரி. திரும்பி வருவது நல் என்றால் ஃபைல் உருவாகவில்லை. மைனஸ் ஈநோமெம் (மெமரி போதவில்லை என்ற பிழை) திருப்பிவிடுங்கள். எக்ஸிட் ஃபங்ஷனில் ப்ராக்_ரிமூவ். ஜிபிஎல் என்று மாட்யூல்_லைசென்ஸ் வரி போட மறந்தால் பில்டே முடியாது. மேக்ஃபைலில் ஆப்ஜ்-எம் வரி ஒன்று, கர்னல் பில்ட் டைரக்டரிக்குப் போய் மேக் செய்யச் சொல்லும் வரி ஒன்று. அந்த இரண்டாவது வரி டேப்பில் தொடங்க வேண்டும், ஸ்பேஸில் இல்லை.

இணையத்தில் தேடினால் கிரியேட்_ப்ராக்_என்ட்ரி என்று தொடங்கும் பாடங்கள் இன்னமும் முதல் பக்கத்தில் வரும். 3.10 கர்னலில், அதாவது 2013-லேயே அந்த ஃபங்ஷனை நீக்கிவிட்டார்கள். ப்ராக் ஃபைலுக்கு ஃபைல்_ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரைக் கொடுக்கும் பாடமும் 2020-ல் வந்த 5.6-க்குப் பிறகு கம்பைல் ஆகாது, இப்போது ப்ராக்_ஆப்ஸ். மேலே சொன்ன ப்ராக்_கிரியேட்_சீக் வழியில் இரண்டையுமே தொட வேண்டியதில்லை. அது 4.18 முதல் இருக்கிறது.

பூட்டு

இதுவரை அரே மாறாது என்று பேசிக்கொண்டிருந்தோம். மாறாத எண்ணைக் காட்ட யாரும் டிரைவர் எழுதுவதில்லை. சென்சார் வருகிற வரை, டிலேய்டு வொர்க் (சற்று நேரம் கழித்து ஓடும் கர்னல் வேலை) ஒன்றை வைத்து விநாடிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு மதகின் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். இப்போது ஒரு பக்கம் எழுதுகிறார்கள், இன்னொரு பக்கம் படிக்கிறார்கள்.

சீக்_ஃபைலில் பூட்டுக்கான இடம் தயாராகவே இருக்கிறது: ஸ்டார்ட்டில் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு, காத்திருப்பவர் தூங்குவார்) பூட்டி, ஸ்டாப்பில் திறக்க வேண்டும். ஸ்டார்ட் நல் திருப்பினாலும் ஸ்டாப் கட்டாயம் அழைக்கப்படும். அதனால் ஸ்டார்ட்டில் பூட்டுவதுதான் முதல் வரி, எல்லையைச் சோதிப்பது அடுத்த வரி. இதை மாற்றிப் போட்டால், பூட்டாத பூட்டை ஸ்டாப் திறக்கப் பார்க்கும்.

அரேயை மாற்றுவது இன்டரப்ட் ஹேண்ட்லர் (கருவி கூப்பிட்டதும் ஓடும் ஃபங்ஷன்) என்றால் மியூடெக்ஸ் ஆகாது, இன்டரப்டில் தூங்க முடியாது. அங்கே தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின்லாக் வேண்டும்: ஸ்டார்ட்டில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ, ஸ்டாப்பில் ஸ்பின்_அன்லாக்_ஐஆர்க்யூ. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு இத்தனை தூரம் போகலாமா என்று தோன்றும். போகலாம். ஸ்டார்ட்டுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் சீக்_ஃபைல் தானாகத் தூங்காது என்று கர்னல் ஆவணமே உறுதி தருகிறது. உங்கள் ஷோவும் தூங்காமல் இருந்தால் சரி.

ஆனால் இந்தப் பூட்டு மொத்த ஃபைலுக்கும் அல்ல. ஒவ்வொரு ரீட் அழைப்புக்கும் ஒரு ஸ்டார்ட், ஒரு ஸ்டாப். எட்டு வரியை கேட் ஒரே மூச்சில் வாங்கிவிடும், பிரச்சினை இல்லை. ஆயிரம் வரி என்றால் துண்டு துண்டாகப் போகும். இரண்டு துண்டுக்கு நடுவில் பூட்டு திறந்திருக்கும், எண்கள் மாறலாம். முதல் பாதி பழைய கணக்கு, இரண்டாம் பாதி புதியது என்று வந்து சேரும். எல்லா எண்ணும் ஒரே கணத்துடையதாக இருக்க வேண்டுமென்றால் ப்ராக்_கிரியேட்_சிங்கிள் பயன்படுத்தி, ஒரே ஷோவுக்குள் பூட்டி, லூப் போட்டு எல்லாவற்றையும் அச்சிட்டுத் திறந்துவிடுங்கள். நம் எட்டு மதகுக்கு உண்மையில் அதுவே போதும். நான்கு ஃபங்ஷனை எழுதச் சொன்னது, பெரிய அரே வரும்போது கை பழகியிருக்க வேண்டும் என்பதற்காக.

சோதிப்பது

கேட் சரியாக வந்தால் சரி என்று விட்டுவிடாதீர்கள். டிடி கமாண்டில் பிளாக் அளவை 1 என்று வைத்து ஃபைலைப் படியுங்கள், பிறகு 7 வைத்துப் படியுங்கள். மூன்று முறையும் அதே எட்டு வரி வர வேண்டும். சோதிக்கும்போது அரே மாறாதபடி அந்த டிலேய்டு வொர்க்கை நிறுத்தி வையுங்கள். நெக்ஸ்டில் போஸ் கூட்டாமல் விட்டது, எல்லையில் ஒன்று தவறியது எல்லாம் கேட்டில் ஒளிந்திருந்து இங்கேதான் வெளியே வரும். இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் லூப் போட்டுப் படித்துக்கொண்டே டிமெசேஜ் (கர்னல் லாகைக் காட்டும் கமாண்ட்) பாருங்கள். கர்னலைப் புரூவ்_லாக்கிங் ஆன் செய்து பில்ட் செய்திருந்தால் பூட்டுத் தவறுகளை அதுவே காட்டிக்கொடுக்கும்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

டீபக்எஃப்எஸ்ஸில் யூ32 அரேக்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: டீபக்எஃப்எஸ்_கிரியேட்_யூ32_அரே. அரேயின் முகவரியும் எண்ணிக்கையும் உள்ள ஒரு சின்ன ஸ்ட்ரக்சரைக் கொடுத்தால், ஸ்பேஸ் விட்டு எல்லா எண்ணையும் ஒரே வரியில் காட்டும். ஃபைலைத் திறக்கும்போதே எண்களை எடுத்து வைத்துக்கொள்ளும். வழக்கமாக ரூட் மட்டும்தான் அங்கே நுழைய முடியும். நாளைக்கே அமைப்பை மாற்றினாலும் கேட்க ஆளில்லை, அதுதான் அதன் அழகு.

சிஸ்எஃப்எஸ்ஸின் விதி, ஃபைலுக்கு ஒரு மதிப்பு. ஒரே வகை எண்கள் ஒரு வரியில் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். மதகு எண், திறப்பு, நேரம் என்று பல வரி அட்டவணை போட்டால் ஏற்க மாட்டார்கள். அரேயை அங்கே காட்டும் மரபைப் பார்க்க வேண்டுமென்றால் எச்டபிள்யூமான் (வெப்பம், மின்னழுத்தம் போன்றவற்றை அளக்கும்) டிரைவர்களைப் பாருங்கள். டெம்ப்1_இன்புட், டெம்ப்2_இன்புட் என்று உறுப்புக்கு ஒரு ஃபைல் இருக்கும். வெப்பம் அதில் மில்லி டிகிரியில், 42 டிகிரி என்றால் 42000. கர்னலில் புள்ளி வைத்த எண்ணை அச்சிட வழியில்லாததால் இந்த ஏற்பாடு. நம் மதகை அடியில் வைக்காமல் அங்குலத்தில் வைத்ததும் இதற்காகத்தான். அச்சிட ஸ்பிரிண்ட்எஃப் வேண்டாம், சிஸ்எஃப்எஸ்_எமிட். அது ஒரு பேஜைத் தாண்டி எழுதாது.

யூசர் எண்களை மாற்றவும் வேண்டுமென்றால், ப்ராக்கில் எழுத்தைப் பிரித்து எண்ணாக்கும் கோடை நீங்களே எழுதாதீர்கள். சிஸ்சிடிஎல் (/ப்ராக்/சிஸ் ஃபைல்களை உருவாக்கும் ஏற்பாடு) டேபிளில் மேக்ஸ்லென் இடத்தில் முழு அரேயின் அளவைக் கொடுத்து, ப்ராக்_டூஇன்ட்வெக்_மின்மேக்ஸ் போட்டால் போதும். மேலே பார்த்த பிரிண்ட்கே ஃபைலின் நான்கு எண்களுக்குப் பின்னால் இருப்பதும் இதே குடும்பத்து ஃபங்ஷன்தான்.

வரியின் அமைப்பை ஒருமுறைதான் முடிவு செய்யலாம்

ஃபைலை வெளியே விட்டபின் யாரோ அதை வைத்து ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள். காவேரிப்பட்டணத்தில் ஒருவர் இரண்டாம் பத்தியை எடுத்து எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருந்தால், நீங்கள் நடுவில் புதுப் பத்தி நுழைத்த அன்று அவருக்குத் தவறான எண் போகும். புதிதாக எதையும் வரியின் கடைசியில் மட்டும் சேருங்கள். /ப்ராக்/ஸ்டாட் ஃபைலில் சிபியூ வரியைப் பாருங்கள்: 2.6.11-ல் ஸ்டீல், 2.6.24-ல் கெஸ்ட், 2.6.33-ல் கெஸ்ட்_நைஸ் என்று எல்லாமே வால் பக்கமாகத்தான் சேர்ந்தன. பெயர்ப் பத்தி வைப்பதாக இருந்தால் அதில் ஸ்பேஸ் வராதபடி பாருங்கள். புராசஸ் ஸ்டாட் ஃபைலில் பெயருக்குள் ஸ்பேஸ் வந்து எத்தனையோ ஸ்கிரிப்டுகள் இன்றுவரை தடுமாறுகின்றன.

இறக்கும்போது

எக்ஸிட் ஃபங்ஷனில் வரிசை முக்கியம். முதலில் ப்ராக்_ரிமூவ். உள்ளே யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும் வரை அது காத்திருக்கும். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பிறகு படிக்க வருகிறவருக்கு இன்புட்/அவுட்புட் பிழை கிடைக்கும். அடுத்து அந்த டிலேய்டு வொர்க்கை கேன்சல்_டிலேய்டு_வொர்க்_சிங்க் போட்டு நிறுத்துங்கள். அரேக்கான மெமரியை கேமாலாக்கில் வாங்கியிருந்தால் கேஃப்ரீ இவை இரண்டுக்கும் பிறகுதான். ப்ராக்_ரிமூவையே மறந்து மாட்யூலை ஆர்எம்மாட் போட்டு இறக்கினால் ஃபைல் பெயர் மட்டும் /ப்ராக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து அதை கேட் செய்கிறவர் கர்னலில் இல்லாத கோடைக் கூப்பிடுவார், டிமெசேஜில் ஊப்ஸ் (கர்னலின் பிழை அறிக்கை) விழும். வர்ச்சுவல் மெஷினில் ஒருமுறை வேண்டுமென்றே இதைச் செய்து, அந்த ஊப்ஸை வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.